பார்த்துப் பழகாதவருக்காக அழுவதும், அதே வாரம் பாட்டுக்குக் கைதட்டுவதும்

2006 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. டிவியில் முதலைகளைப் பிடித்துக் காட்டும் ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் இறந்துவிட்டார் என்று செய்தியில் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் அண்ணனுக்குப் போன் போட்டதுதான். எடுத்த உடனே, "செய்தி பார்த்தியா?" என்றான். "பார்த்தேன்" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி அவருடையது. விளம்பர இடைவேளை வந்தால் அண்ணன் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் அகல விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக என்னை நெருங்குவான். நான்தான் முதலை. பாய்ந்து அமுக்கிவிட்டு, இல்லாத கேமராவைத் திரும்பிப் பார்த்து, எவ்வளவு அழகான முதலை பாருங்கள் என்று கண்ணை உருட்டுவான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாட்டுப்புற இசை விழாவுக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். மனசே இல்லாமல்தான் போனேன். இரண்டாம் நாள் மாலை ஒரு ஃபிடில்காரரும் ஒரு அக்கார்டியன்காரரும் வேகமான ஆட்ட மெட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூட்டம் முழுக்கக் காலால் தாளம் போட, நானும் போட்டேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்க, நானும் சிரித்தேன். மூன்று பாட்டு முடிந்த பிறகுதான் சுருக்கென்றது. இவ்வளவு நேரமாக நான் அவரை நினைக்கவே இல்லையே. திங்கட்கிழமை அழுத அழுகை அப்போது பொய்யா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். சரியாகச் சொன்னால் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர் இறந்தால் ஏன் இப்படி வலிக்கிறது என்பது ஒன்று. வலி நிஜம்தான் என்றால், அதே வாரத்தில் எப்படி மனசார சந்தோஷப்பட முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உளவியலில் நல்ல பதில்கள் இருக்கின்றன, பெயர்களும் இருக்கின்றன. பெயர் தெரிவதே பாதி ஆறுதல் என்பது என் அனுபவம்.

முதல் கேள்விக்கான பதில் 1956-இல் தொடங்குகிறது. டிவி வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த காலம் அது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த வருடம் வெளியிட்ட ஒரு கட்டுரையில், திரையில் வருகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையே உருவாகும் விநோதமான நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். திரையில் இருப்பவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். பார்க்கிறவருக்கு அது தன்னிடம் பேசுவதாகவே படுகிறது. வாரா வாரம் அதே முகம், அதே குரல், அதே சிரிப்பு என்று வரும்போது அது பழக்கமாகிறது, பழக்கம் பிரியமாகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு எல்லோரும் சொல்லும் பாராசோஷியல் உறவு. நாம் ஒருவழி உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் பலர் ஏதோ மனக்கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையவே கிடையாது. ஒரு குரலைக் கேட்டதும் யார் என்று அடையாளம் காண்பது, முகத்தைப் பார்த்து மனநிலையை அறிவது, அடுத்து என்ன சொல்வார் என்று ஊகிப்பது, இதெல்லாம் கூடவே இருக்கும் மனிதர்களோடு பழகுவதற்காக நமக்குள் இருக்கும் திறமைகள். திரையில் வருகிறவரைப் பார்க்கும்போது அதற்கென்று வேறு திறமை ஒன்றைத் தனியாக எடுப்பதில்லை, இதே திறமைகளைத்தான் பயன்படுத்துகிறோம். அவர் திரையில் இருக்கிறார் என்று அறிவுக்குத் தெரியும். பிரியத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இர்வின் விஷயத்தில் இது ஏன் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்று யோசித்தால் எனக்குச் சில காரணங்கள் தோன்றும். அவர் 1962-இல் பிறந்தவர். அவருடைய அப்பா பாபும் அம்மா லின்னும் 1970-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பியர்வா என்ற ஊரில் ஊர்வனவற்றுக்கான ஒரு சின்னப் பூங்காவைத் தொடங்கினார்கள். பாம்புக்கும் முதலைக்கும் நடுவில்தான் ஸ்டீவ் வளர்ந்தார். அந்தப் பூங்காதான் பின்னாளில் ஆஸ்திரேலியா ஜூ ஆனது. 1992-இல் டெர்ரியைக் கல்யாணம் செய்துகொண்டார், தேனிலவுக்குப் போன இடத்திலும் முதலை பிடித்தார்கள், அதைப் படம் எடுத்தார்கள், அந்தப் படம்தான் 'தி க்ரோக்கடைல் ஹண்டர்' தொடரின் முதல் பகுதியாக வந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு தம்பதியின் தேனிலவிலிருந்தே நாம் அவர்களோடு இருந்திருக்கிறோம். அப்புறம் மகள் பிறந்தாள். அவருக்கு ரொம்பப் பிடித்த ஒரு முதலையின் பெயர் பிண்டி, அவர்கள் வளர்த்த நாயின் பெயர் சூயி, இரண்டையும் சேர்த்துத்தான் மகளுக்குப் பிண்டி சூ என்று பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பரில் மகன் ராபர்ட் பிறந்தான். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சொந்தக்காரர்கள் வீட்டு விஷயம் தெரிவது போலத்தான் தெரியும்.

அவர் பேசிய விதத்தையும் சொல்ல வேண்டும். காட்டு விலங்குகளைப் பற்றிய படம் என்றால், ஆள் முகமே தெரியாமல் பின்னாலிருந்து ஒரு நிதானமான குரல் விளக்கிக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருந்தது. இவர் காக்கி அரைக்கை சட்டையும் அரைக்கால் சட்டையுமாகச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் நாக்கை நீட்டும் பாம்பைக் காட்டி, கிசுகிசுத்த குரலில் நம்மைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாம்பைப் பார்ப்பார், கேமராவைப் பார்ப்பார், மறுபடியும் பாம்பைப் பார்ப்பார். அந்தக் கிசுகிசுப்பு முக்கியம். கிசுகிசுத்துப் பேசுகிறவர் ஊருக்கெல்லாம் பேசுவதில்லை, பக்கத்தில் இருக்கிற ஓர் ஆளிடம்தான் பேசுகிறார். அந்த ஓர் ஆள் நான்தான் என்று எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்! அவர் விலங்குகளைச் சீண்டுகிறார், தொந்தரவு செய்கிறார் என்று குறை சொன்னவர்களும் உண்டு, அதில் நியாயமான கேள்விகளும் இருந்தன. ஆனால் யாருக்கும் பிடிக்காத உயிர்களை, முதலையையும் பாம்பையும் பல்லியையும், அழகு என்று வாய் நிறையச் சொன்னவர் அவர், அதை நம்ப வைத்தவரும் அவர்தான். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன்.

குயின்ஸ்லாந்தின் போர்ட் டக்ளஸ் பக்கத்தில் பாட் ரீஃப் என்ற பவளத்திட்டுப் பகுதியில் ஆழமில்லாத கடலில் அவர் படப்பிடிப்பில் இருந்தபோது, ஒரு திருக்கை மீனின் வால் முள் நெஞ்சில் குத்தியது. வயது 44. கடலின் ஆபத்தான உயிர்களைப் பற்றிய படத்துக்காகத்தான் அங்கே போயிருந்தார்கள். வானிலை ஒத்துழைக்கவில்லை என்பதால், கிடைத்த நேரத்தில் மகளின் நிகழ்ச்சிக்காகச் சில காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தார். திருக்கை குத்தி ஆள் இறப்பது மிக மிக அரிது. இத்தனை முதலைகளிடமிருந்து தப்பித்தவர் இப்படியா போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பியர்வாவில் பூங்கா வாசலில் பூக்கள் குவிந்தன. காக்கிச் சட்டைகளைக் கொண்டுவந்து, அதில் பேனாவால் நாலு வரி எழுதித் தொங்கவிட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் அடுத்த விஷயம் வருகிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் லீவு கொடுப்பார்கள், வந்து விசாரிப்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். டிவியில் பார்த்த ஒருவருக்காக முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "அவர் உனக்கு என்ன உறவு?" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா இதைப் பற்றி 1989-இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். சுற்றியுள்ளவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கம், வெளியே சொல்ல வழியில்லாத, நாலு பேர் வந்து ஆறுதல் சொல்லாத துக்கம். அங்கீகாரம் இல்லாத துக்கம் என்று சொல்லலாம். வளர்த்த நாய் செத்துப்போனவர், பிரிந்துபோன கணவனோ மனைவியோ இறந்த செய்தியைக் கேட்டவர், கரு கலைந்த தாய் என்று இதற்குள் வருகிறவர்கள் நிறைய. திரையில் பார்த்தவருக்காக அழுகிறவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வலியோடு 'இதற்குப் போய் அழலாமா' என்ற கூச்சமும் சேர்ந்துகொள்வதுதான் இதில் கொடுமை. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது, அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் அளவும் தெரிந்திருக்க வேண்டும். டெர்ரிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் போனது வேறு, எனக்குப் போனது வேறு. என் நாள் அடுத்த நாளும் அதே மாதிரிதான் விடிந்தது, அவர்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. 2013-இல் சூசன் சில்க், பாரி கோல்ட்மேன் என்ற இருவர் ஒரு பத்திரிகையில் இதற்கு எளிமையான ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். நடுவில் ஒரு வட்டம், அதில் நேரடியாக அடிபட்டவர். அவரைச் சுற்றி அடுத்த வட்டத்தில் நெருங்கிய குடும்பம், அதற்கு வெளியே நண்பர்கள், அதற்கும் வெளியே தெரிந்தவர்கள். உள்வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் மட்டும் போக வேண்டும். நம் புலம்பலை நமக்கு வெளியே இருப்பவர்களிடம்தான் கொட்ட வேண்டும். ரசிகர்கள் இருப்பது ஆகக் கடைசி வட்டம். அங்கே இருந்துகொண்டு தாராளமாக அழலாம், ஆனால் அவர் குடும்பத்திடம் போய், எங்களால் தாங்க முடியவில்லை, எப்படி நடந்தது, கடைசிக் காட்சியைக் காட்டுங்கள் என்று கேட்கக் கூடாது. அந்தப் படப்பிடிப்பின் காட்சி வெளியே வரவில்லை, வராமல் இருப்பதுதான் சரி.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இர்வின் இறந்த சில நாட்களில் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கைகள் செத்துக் கிடந்தன, சிலவற்றின் வாலை வெட்டியிருந்தார்கள். யார் செய்தது என்று தெரியாவிட்டாலும் பழிக்குப் பழியாகச் செய்ததோ என்ற சந்தேகம்தான் எல்லோருக்கும். அவர் தொடங்கிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பே முன்வந்து, அவர் விரும்பியது இது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்த வாரம் வந்த செய்திகளிலேயே அதிகம் வலித்தது இதுதான். துக்கத்துக்குக் கோபம் கூடப்பிறந்தது, வரட்டும். ஆனால் அது யார் மேல் பாய்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாட்டுக்குக் காலால் தாளம் போட்டேனே, அது என்ன?

துக்கம் என்றால் ஐந்து கட்டங்கள் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று படிக்கட்டு மாதிரி வரிசையாக ஏறிப்போக வேண்டும் என்பது போலச் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் இதை எழுதியபோது அவர் பேசியது சாகும் தருவாயில் இருந்த நோயாளிகளைப் பற்றி. பின்னால்தான் அது இழந்தவர்களின் துக்கத்துக்கும் அப்படியே எடுத்து மாட்டப்பட்டது. அந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், திங்கட்கிழமை அழுதவர் சனிக்கிழமை ஆடினால் ஏதோ நான்கு படியைத் தாண்டிக் குதித்துவிட்டது போலத் தெரியும், அல்லது முதலிலேயே ஏறவில்லை என்று தெரியும்.

1999-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்கூட்டும் வேறு மாதிரி ஒரு படத்தைக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து துக்கத்தைப் பற்றி ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். அவர்கள் சொல்வது இது. துக்கத்தில் இருக்கிறவர் முன்னால் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்று இழப்பின் பக்கம், அங்கே அழுகை, ஏக்கம், பழைய படங்களை எடுத்துப் பார்ப்பது, ஏன் இப்படி ஆயிற்று என்று திரும்பத் திரும்ப யோசிப்பது எல்லாம் இருக்கும். இன்னொன்று வாழ்க்கையின் பக்கம், அங்கே சமையல், சம்பளம், புது வேலைகள், புது மனிதர்கள், துக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் கவனத்தைத் திருப்பும் விஷயங்கள். ஆரோக்கியமாகத் துக்கப்படுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார். காலையில் அங்கே, மத்தியானம் இங்கே, ராத்திரி மறுபடி அங்கே. இந்த ஊசலாட்டம்தான் துக்கம் ஆறுகிற வழி. ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். எந்நேரமும் அழுதுகொண்டே இருந்தாலும் ஆறாது, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் எந்நேரமும் வேலை, கும்மாளம் என்று ஓடினாலும் ஆறாது.

கணவனையோ மனைவியையோ இழந்தவர்களை மனதில் வைத்துத்தான் அவர்கள் இதை முதலில் உருவாக்கினார்கள். அவ்வளவு பெரிய இழப்பிலேயே மனசு இப்படிப் போய் வருகிறது என்றால், நம் மாதிரிக் கடைசி வட்டத்து ஆட்களின் துக்கம் ஊசலாடுவதில் என்ன ஆச்சரியம்? ஊசல் சீக்கிரம் சீக்கிரமாக ஆடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேச்சர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனான்னோ இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், துணையை இழந்து கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆனவர்களைப் பேசவிட்டு முகத்தைக் கவனித்தார்கள். வாய் மட்டும் விரியும் ஒப்புக்குச் சிரிப்பு ஒரு ரகம், கண்ணோரம் சுருங்கும் நிஜச் சிரிப்பு இன்னொரு ரகம். இறந்துபோன துணையைப் பற்றிப் பேசும்போதே அப்படி மனசாரச் சிரித்தவர்கள் உண்டு, அவர்களுக்குத் துயரத்தின் அழுத்தம் குறைவாக இருந்தது, மற்றவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. இது படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. துக்க வீட்டில் யாரோ பழைய கதை ஒன்றைச் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி அழும் நேரம் இருக்கிறதே, அதில் தப்பே இல்லை என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த ஊசல் ஆட எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. ஆனால் நாட்டுப்புற இசை விழா அதற்கு ரொம்பவே தோதான இடம் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் அந்தப் பாட்டுகளிலேயே இருக்கிறது. ஒரு விழாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கடலில் மூழ்கிய மாலுமிக்கு ஒரு பாட்டு, சுரங்கம் இடிந்து செத்தவர்களுக்கு ஒன்று, போருக்குப் போய்த் திரும்பாத காதலனுக்கு ஒன்று, உடனே அடுத்ததாக ஒரு குடிப்பாட்டு, அதற்கும் அடுத்ததாக எழுந்து ஆட ஒரு மெட்டு. பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் மன்னிப்புக் கேட்பதில்லை. ஃபிடிலைச் சுருதி சேர்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அயர்லாந்தில் ஒரு காலத்தில் இறந்தவரின் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும்போது, புலம்பிப் பாடும் பெண்களும் இருந்தார்கள், அதே வீட்டில் கதையும் விளையாட்டும் இசையும் நடந்தன. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இடுகாட்டுக்குப் போகும் வரை பித்தளை வாத்தியக்காரர்கள் மெதுவான சோக இசையை வாசித்துக்கொண்டு நடப்பார்கள், அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே வாத்தியங்களில் துள்ளலான இசை வெடிக்கும், பின்னால் வருகிறவர்கள் கைக்குட்டையையும் குடையையும் சுழற்றி ஆடிக்கொண்டு வருவார்கள். போகும்போது ஒரு பக்கம், வரும்போது இன்னொரு பக்கம். ஸ்ட்ரோபேயும் ஸ்கூட்டும் எழுதியதை அவர்கள் ஒரே தெருவில் நடந்து காட்டுகிறார்கள்.

சேர்ந்து பாடுவதற்கும் தனி சக்தி இருக்கிறது. இங்கிலாந்தில் ராபின் டன்பாரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேர்ந்த பெரியவர்களின் வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலர் பாட்டு வகுப்பு, சிலர் கைவினை, சிலர் எழுத்து. கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது, ஆனால் பாடியவர்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே சட்டென்று வந்தது. விழாவில் பல்லவியை எல்லோரும் சேர்ந்து எடுக்கும்போது நடப்பதும் இதுதான். பக்கத்தில் நிற்பவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் மூச்சு வாங்குகிறீர்கள். அங்கீகாரம் இல்லாத துக்கத்தோடு தனியாக வந்து நிற்கிறவருக்கு, விளக்கம் எதுவும் கேட்காமல் ஒரு கூட்டம் இடம் கொடுப்பது சின்ன விஷயமா?

ஆஸ்திரேலியாவிலேயே இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது, அதுவும் இர்வினின் பியர்வாவிலிருந்து காரில் கிட்டத்தட்ட அரை மணி நேரத்தில். உட்ஃபோர்ட் நாட்டுப்புற இசை விழா. 1987-இல் மலேனி என்ற ஊரில் சின்னதாகத் தொடங்கி, 1994-இல் உட்ஃபோர்டுக்கு மாறியது. டிசம்பர் 27-இல் ஆரம்பித்து ஜனவரி 1 வரை ஆறு நாள், கூடாரம் போட்டுத் தங்கி, கோடை வெயிலிலும் திடீர் மழைச் சேற்றிலும் பாட்டு கேட்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்க அரை மணி நேரம் இருக்கும்போது, பதினொன்றரை மணிக்கு எல்லா மேடையும் நின்றுவிடும். எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்பார்கள். அந்த வருடம் யாரை இழந்தார்களோ அவர்களை நினைத்துக்கொள்ளலாம், எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம் முடிந்ததும் இசை திரும்ப ஆரம்பிக்கும், புத்தாண்டு வந்துவிடும். கொண்டாட்டத்தின் நடுவிலேயே துக்கத்துக்கு இவ்வளவு அழகாக இடம் ஒதுக்கி வைத்ததை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

சந்தோஷமாக இருந்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், அதோடு சண்டை போட வேண்டாம் என்பேன். மறந்துவிட்டோமே என்று சுருக்கென்று ஒரு வலி வருகிறதே, அதுவே ஊசல் திரும்பி இந்தப் பக்கம் வருவதுதான். உண்மையாகவே மறந்திருந்தால் சுருக்கென்றே இருக்காது. கொஞ்ச நேரம் நின்று அவரை நினைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போங்கள், பிறகு திரும்பி வாருங்கள். பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். ஐந்து நிமிடம் விம்மி அழுதுவிட்டு விளையாட ஓடிவிடும் குழந்தையை, இதற்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது துக்கத்தைத் தன்னால் தூக்க முடிந்த அளவு மட்டும் எடுத்துக்கொள்கிறது. செத்துப்போய்விட்டார் என்பதை அதனிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது, தூங்குகிறார் என்றெல்லாம் சுற்றி வளைத்தால் பின்னால் தூங்கவே பயப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பின் பழகாத ஒருவருக்காக வந்த அழுகை வாரக்கணக்கில் நிற்காமல் போனால், தூக்கம் கெட்டு, வேலை ஓடாமல் போனால், அநேகமாக அதற்கடியில் வேறு ஒரு பழைய இழப்பு இருக்கும். அப்போது அழ நேரமில்லாமலோ, அழ விடாமலோ போன இழப்பு. ஊருக்கே தெரிந்த ஒருவர் போகும்போது அந்தக் கதவும் சேர்ந்து திறந்துகொள்கிறது. அப்படியிருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். என் விஷயத்தில் அது இழப்புகூட இல்லை. அண்ணன் வேலைக்கு வேறு ஊர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. டிவிக்கு முன்னால் முதலையாகப் படுத்துக் கிடந்த அந்தத் தரை, இனி எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் அன்று அழுதேன் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் 20-ஆம் தேதி அவருக்கான நினைவு நிகழ்ச்சியை டிவியில் காட்டினார்கள். அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடத்த அரசாங்கம் முன்வந்தும் குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர் முதலைகளுக்கு இரை கொடுத்து நின்ற அதே அரங்கத்தில், கிட்டத்தட்ட ஐயாயிரம் பேர் முன்னால் நடந்தது. எட்டு வயது பிண்டி, தானே எழுதி வைத்திருந்ததைக் குரல் நடுங்காமல் படித்தாள், அரங்கமே எழுந்து நின்றது. கடைசியில் ஆஸ்திரேலியப் பாடகர் ஜான் வில்லியம்சன் கிட்டாரோடு வந்து 'ட்ரூ ப்ளூ' பாடினார். இர்வினுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு, ஆஸ்திரேலியர்கள் எல்லோரும் சேர்ந்து பாடும் அவர்களுடைய நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. பாட்டு போய்க்கொண்டிருக்க, இர்வினின் வண்டியில் அவருடைய சாமான்களையும் அலைச்சறுக்குப் பலகையையும் ஏற்றி, வண்டியை மெதுவாக அரங்கத்தை விட்டு வெளியே ஓட்டிப் போனார்கள். பூங்காவின் ஊழியர்கள் மஞ்சள் பூக்களால் தரையில் ஒரு வார்த்தையை எழுதினார்கள். க்ரைக்கி. ஆச்சரியம் வந்தால் அவர் வாயிலிருந்து வரும் வார்த்தை.

நான் அண்ணனைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டேதான் பார்த்தேன். அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில். அவன் டிவி என்னுடையதைவிட அரை நொடி பிந்தி ஓடியது. அதனால் ஒவ்வொரு வரியும் எனக்கு இரண்டு தடவை கேட்டது, முதலில் அறையில், பிறகு போனுக்குள். நடுவில் அண்ணன் சன்னமாக முணுமுணுக்க ஆரம்பித்தான், வார்த்தை தெரியாமல் மெட்டை மட்டும். போன வாரத்துக்கு முந்தின வாரம் விழாவுக்குப் போனேன், நன்றாக ஆடினேன் என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "அப்படியா, என்ன வாசிச்சாங்க?" என்றான். ஃபிடில்காரரின் அந்த மெட்டில் ஞாபகம் இருந்த வரை பாடிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றான்.